அந்தி யாருக்கு உரியது?

அழகிய ஒன்றைக் கண்டு மகிழ்வதற்கும் அறத்திற்கும் தொடர்பு உண்டா? வேலியோரத்து மலரைக் கண்டு மகிழ்கிறோம். அதற்கு யாரிடமும் இசைவு கேட்பதில்லை. மழையில் நனைந்த மலையைக் கண்டு மெய்ம்மறந்து நிற்கிறோம். அதனால் யாருக்கும் கடன்பட்டதாக எண்ணுவதில்லை. கதிரவன் மறையும் காட்சியோ இவை எல்லாவற்றையும்விடப் பொதுவானது. அரசனுக்கும் ஆண்டிக்கும் வானம் ஒன்றே. ஆதலின் அந்திக் காட்சியை நுகர்வதில் நன்மை தீமை என்ற பேச்சுக்கே இடமில்லை என்று எளிதாக முடிவு கட்டிவிடுகிறோம். இம்முடிவு எல்லா அந்திக்கும் பொருந்துமா என்பதைக் கபினி ஆற்றங்கரையை முன்வைத்து எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

பெங்களூரில் வாழும் நமக்குக் கதிரவன் மறைவதைக் காணும் பேறு குறைந்துவிட்டது. அல்சூர் ஏரிக்கரையில் நின்றால்கூட, அது அடிவானத்தை அடையுமுன் ஏதேனும் ஒரு மாடிக் கட்டடத்தின் பின்னே மறைந்துவிடுகிறது. ஆகவே வாரத்தின் இறுதியில் 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, மைசூரையும் ஹெக்கடதேவனகோட்டையையும் கடந்து, கபினிக் கரையை அடைவோர் பலராகிவிட்டனர். அவர்களுள் நாமும் உண்டு. வடபுறம் நாகரஹொளே, தென்புறம் பந்திப்பூர். இரண்டும் புலிகளின் காப்பகங்கள். இடையே அகன்று கிடக்கும் நீர்ப்பரப்பு. மேற்கே வயநாட்டு மலைகள். கோடைக் காலத்தில் நீர் வற்றி விலகும்போது, வெளிப்பட்ட சேற்று நிலத்தில் இளம்புல் தழைக்கிறது. சுற்றிலும் காடு காய்ந்து கிடக்கும் அந்த மாதங்களில், புல்லையும் நீரையும் நாடி யானைகள் கூட்டங்கூட்டமாகக் கரைக்கு வருகின்றன. ஆசிய யானைகள் இத்துணைப் பெருந்தொகையாக ஒருங்கு கூடும் இடங்கள் உலகில் மிகச் சிலவே. கன்றை நடுவில் விட்டுத் தாய்மார் சூழ்ந்து நிற்க, அவற்றின் முதுகுப்புறத்தே வானம் செம்பொன்னாகிப் பின் செந்நீலமாகிச் சாயும். அதைக் கண்டு வாளா இருப்பவர் அரியர்.

அக்காட்சிக்கு அழகூட்டும் ஒன்றை இங்குத் தனியே சுட்டவேண்டும். நீரின் நடுவே, இலையும் தளிரும் இன்றி, கரிய எலும்புக்கூடுகள்போல் பட்ட மரங்கள் நிற்கின்றன. அவற்றின் கிளைகளில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து உலர்த்தும். விரால் அடிப்பான் மீனைக் காலில் பற்றி வந்து அமரும். செவ்வானத்தின் முன்னே அம்மரங்களின் கருநிழல் வடிவத்தைப் படம் பிடிக்காமல் திரும்புவோர் இல்லை என்றே கூறலாம். கபினி அந்தி என்று நாள்காட்டிகளில் அச்சாகி வரும் படங்கள் பெரும்பாலும் இம்மரங்களின் படங்களே.

இம்மரங்கள் ஏன் நீரில் நிற்கின்றன? நாம் ஆற்றங்கரை என்று கூறி அமரும் இடம் உண்மையில் ஆற்றின் கரையன்று. வயநாட்டில் பனமரம் ஆறும் மானந்தவாடி ஆறும் கூடிப் பிறந்து கிழக்கு நோக்கி ஓடிவரும் கபினி, 1974இல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் தடுக்கப்பட்டுப் பின்னோக்கிப் பரவிய நீர்த்தேக்கத்தின் கரை அது. தேக்கத்தின் கொள்ளளவு 19.52 டி.எம்.சி. அந்நீர் பரவிய பள்ளத்தாக்கில் காடு இருந்தது, ஊர்கள் இருந்தன, தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த பழங்குடியினரின் குடியிருப்புகள் இருந்தன. மூழ்கிய காட்டின் மிச்சமே அப்பட்ட மரங்கள். நாம் அழகு என்று கொண்டாடும் கருநிழல், ஒரு காட்டின் பிணம்.

சொல் கடுமையாகிவிட்டது, உடனே மறுபக்கத்தையும் கூறிவிடுவோம். அந்தத் தேக்கம் இல்லையேல் கோடையில் யானைகள் கூடும் அப்புல்வெளியும் இல்லை. காட்டை விழுங்கிய நீரே காட்டு விலங்குகளுக்கு வேனில் மேய்ச்சல் நிலத்தையும் தந்திருக்கிறது. மேலும் அந்நீர் விழுங்கியது காட்டை மட்டுமன்று. காக்கனகோட்டை என்ற அப்பகுதியில்தான் மைசூர் அரசின் 'கெட்டா' எனப்பட்ட யானைப் பிடிப்பு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் நடைபெற்று வந்தது. பறையடித்தும் தீப்பந்தம் காட்டியும் யானைக் கூட்டத்தை ஆற்றில் இறக்கி, மறுகரையில் வலிய மரங்களால் அமைத்த அடைப்புக்குள் செலுத்துவர். கன்றைப் பிரிந்த தாய் பிளிறும். தாயைப் பிரிந்த கன்று கதறும். வைசிராய்களும் அயல்நாட்டு இளவரசர்களும் அதை மேடையில் அமர்ந்து கண்டனர். அங்குள்ள காராப்பூரில் பிறந்த சாபு என்ற சிறுவன் 1937இல் வெளிவந்த 'எலிபன்ட் பாய்' என்ற ஆங்கிலத் திரைப்படத்தின் வழியே உலகப் புகழ் பெற்றான். கடைசி கெட்டா 1971இல் நடந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977இல் யானை அதன் முதல் அட்டவணையில் இடம் பெற்றது. கெட்டா நடந்த களம் இன்று நீரின் அடியில் கிடக்கிறது. அகப்பட்ட கூட்டங்களிலிருந்து தப்பியவற்றின் வழித்தோன்றல்கள் அதன் கரையில் அச்சமின்றிப் புல் மேய்கின்றன.

மேடை அமைத்து யானையைக் கண்ட அவர்களும் படகில் அமர்ந்து யானையைக் காணும் நாமும் ஒரே பள்ளத்தாக்கின் பார்வையாளர்கள். அவர்கள் பார்வை கொடுமையோடு கூடியது. நம் பார்வை தீங்கற்றது. அந்த வேறுபாடு பெரிது. அதை ஒருபோதும் குறைத்து மதிப்பிடமாட்டோம். ஆயினும் அன்று மேடையில் இருந்தவர்களும் தாம் தீங்கு ஏதும் செய்வதாக எண்ணவில்லை. ஓர் அரிய காட்சியைக் காண்பதாகவே எண்ணினர். பார்வையாளன் தன்னைப் பற்றித் தானே தரும் சான்று அவ்வளவாகப் பயன்படாது என்பதற்கு இது போதும்.

ஜெர்மானிய மெய்யியலார் இமானுவேல் காண்ட், 1790இல் வெளியிட்ட நூலில் இவ்வினாவை வேறொரு வடிவில் எழுப்பினார். ஓர் அரண்மனை கண்முன் நிற்கிறது. அது அழகியதா என்று ஒருவர் கேட்கிறார். ஏழைகளின் வியர்வையை வீண் பகட்டுக்குச் செலவிட்டார்களே என்று நாம் சினந்து கூறலாம். அச்சினம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் கேட்ட வினாவுக்கு அது விடையன்று என்பது அவர் கருத்து. அழகை அழகாகக் காண்பது பயன் கருதாத இன்பம். அதனுள் இந்த வழக்குகளைக் கொண்டுவரலாகாது. கூரிய கருத்துதான். ஆனால் அரண்மனையைக் காண்பவன் சுவர்களுக்கு வெளியே நிற்கிறான். கபினிக் கரையில் நாம் எதற்கு வெளியே நிற்கிறோம்? அணை நீரின்மேல் படகில் மிதந்துகொண்டே, அந்நீரின் கதை நம் இன்பத்திற்குப் புறம்பானது என்று எவ்வாறு கூறுவது?

1883ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே உள்ள கிரக்கத்தோவா எரிமலை வெடித்தது. கடல் பொங்கி 36,000க்கு மேற்பட்ட மக்களைக் கொண்டது. வானில் ஏறிய நுண்துகள் உலகைச் சுற்றிப் பரவியது. அடுத்த மாதத்தில் சென்னையிலும் இலங்கையிலும் கதிரவன் பச்சையாகவும் நீலமாகவும் தோன்றக் கண்டு மக்கள் வியந்தனர். ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் சில ஊர்களில் அந்திச் செக்கரைத் தீப்பற்றியதாக எண்ணித் தீயணைப்பு வண்டிகள் விரைந்தன. ஐரோப்பிய நகரங்களில் ஓவியர் பலர் அவ்வானத்தைத் தீட்டினர். அவ்வந்திகளைக் கண்டு மகிழ்ந்தவர்கள் குற்றவாளிகளா? இல்லை. அவர்கள் மகிழ்ந்ததனால் ஓர் உயிரும் கூடுதலாகப் போகவில்லை. மகிழாது முகம் திருப்பியிருந்தாலும் ஓர் உயிரும் மீண்டிராது. கடல் கொண்ட ஊர்களைப் பற்றிய செய்தியை அறிந்தபின்பும் வானம் அழகாகவே இருந்திருக்கும். ஆனால் அறிந்தவன் கண்ட வானமும் அறியாதவன் கண்ட வானமும் ஒன்றல்ல. அறிவு அழகைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுவோர் அழகின் வலிமையைக் குறைத்து மதிப்பிடுகின்றனர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இவ்விடத்தில் நம் பழைய இலக்கணத்தை நினைவுகூர்வது பொருத்தம். தமிழர் அகப்பாட்டுக்கு மூன்று பொருள் வகுத்தனர். நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் விலங்கும் பறவையும் பறையும் தொழிலும் கருப்பொருள். மாந்தரின் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்தது என்றார் தொல்காப்பியர். உரிப்பொருள் மட்டுமே கொண்டு ஒரு பாட்டு அமையலாம். முதலும் கருவும் மட்டுமே கொண்டு அகப்பாட்டு அமைவதில்லை. காட்டுக்கு மாலையை உரிய பொழுதாக்கிய முன்னோர், அதனோடு இருத்தல் என்னும் ஒழுக்கத்தைச் சேர்த்தனர். வினைமேற் சென்ற தலைவன் திரும்புவான் என ஆற்றியிருக்கும் ஒருத்தி அம்மாலையில் இருக்கிறாள். கடற்கரைக்கு எற்பாட்டை ஆக்கியவர்கள் அங்கே இரங்கலை வைத்தனர். மனிதர் எவரும் இல்லாத வெறும் அந்தியை அவர்கள் பாடுபொருளாகக் கொள்ளவில்லை. யாரோ ஒருவருக்கு உரியதாக இருக்கும்போதுதான் அவர்களுக்கு அந்தி அந்தியாயிற்று.

பாரதியாரும் இம்மரபில் நின்றவரே. 1912இல் வெளிவந்த 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பகுதியில் அத்தினாபுரம் செல்லும் வழியில் அருச்சுனன் பாஞ்சாலிக்கு அந்தி வானத்தைக் காட்டுகிறான். தமிழில் அந்தி வருணனை என்றதும் பலர் நினைவுக்கு வருவது அப்பகுதி. ஆனால் அவர்கள் செல்வது சூதாட்ட மண்டபத்துக்கு. அது கற்பவர் எல்லோருக்கும் தெரியும். 

இவ்வளவுகோலைக் கொண்டு கபினி அந்தியை நோக்குவோம். சுற்றுலா ஏடுகளில் வரும் வருணனையில் முதற்பொருள் உண்டு: காடு, ஆறு, மாலை. கருப்பொருள் நிறைய உண்டு: யானை, புலி, புள்ளிமான், காட்டெருமை, நீர்க்காகம். உரிப்பொருள் இல்லை. ஒரு மனிதரும் இல்லாத காடு என்பதே அவ்விடத்தின் பெருமையாகப் பேசப்படுகிறது. உண்மையில் மனிதர் இல்லாமலில்லை. படத்தின் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கின்றனர்.

காட்டின் ஓரத்து உழவரை எடுத்துக்கொள்வோம். கர்நாடகத்தில் யானைகளின் எண்ணிக்கை 6,000க்கு மேல். நாட்டிலேயே இதுவே மிகுதி. கேழ்வரகும் சோளமும் முற்றும் பருவத்தில், பொழுது சாய்ந்தபின் அவை காட்டைவிட்டு வயலுக்கு வருகின்றன. நமக்குப் பகலின் முடிவாகிய அந்தி, உழவருக்குக் காவலின் தொடக்கம். மரத்தின்மேலோ கால்நட்டோ பரண் அமைத்து, கம்பளியும் டார்ச் விளக்கும் வெடியும் கொண்டு அவர் ஏறி அமர்கிறார். தினைப்புனத்தில் பரண்மீதிருந்து கிளியோட்டும் பெண்ணையும் யானை விரட்டும் கானவனையும் குறிஞ்சிப் பாட்டுகளில் கண்டு மகிழ்கிறோம். அதே பரண், அதே யானை. அங்கு இலக்கியம் என்கிறோம். இங்கு 'மனித-விலங்கு மோதல்' என்ற அலுவலகச் சொல்லால் குறித்துவிட்டு நகர்கிறோம். ஓர் இரவில் ஒரு கூட்டம் வயலில் நுழைந்து மிதித்துச் சென்றால் ஓராண்டு உழைப்பு போயிற்று. இழப்பீடு உண்டு, அது வந்து சேரும்போது அடுத்த விதைப்பு முடிந்திருக்கவும் கூடும்.

அடுத்து, காட்டுக்குள்ளிருந்து வெளியேற்றப்பட்டோர். ஜேனு குருபர் என்போர் நம் மொழியில் தேன் குறும்பர். நாகரஹொளே 1955இல் விலங்குகளின் புகலிடமாயிற்று. பின்னர் விரிந்து, தேசியப் பூங்காவாகி, இன்று 643 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பூங்கா விரிய விரிய, தம் ஹாடிகளை விட்டு அம்மக்கள் அகற்றப்பட்டனர். அவர்களது தெய்வங்களும் முன்னோரின் புதைகுழிகளும் உள்ளேயே நின்றுவிட்டன. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தும் அவர்களது கோரிக்கைகளில் பல ஏற்கப்படவில்லை. 2025 மே மாதத்தில் ஜேனு குருபக் குடும்பங்கள் பல, கரடிகல்லு அத்தூர்க்கொல்லி என்ற தம் பழைய இடத்துக்குத் திரும்பிச் சென்று குடில் அமைத்தன. இந்த வழக்கின் சட்ட நுணுக்கங்களுக்குள் நாம் புகவில்லை. மனிதரற்ற காடு என்று நாம் வியந்த காட்டிற்குள் செல்ல, அதன் பழைய மனிதர்கள் இசைவு கேட்டு நிற்க, 200 கிலோமீட்டர் தொலைவிலிருந்து செல்லும் நாம் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே செல்கிறோம் என்ற ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறோம்.

அதே 2025ஆம் ஆண்டின் இறுதியில் சரகூர், ஹெக்கடதேவனகோட்டைப் பகுதிகளில் புலி தாக்கி உழவர்கள் உயிரிழந்தனர். ஊர்கள் கொந்தளித்தன. நவம்பர் மாதத்தில் கர்நாடக அரசு நாகரஹொளேயிலும் பந்திப்பூரிலும் சஃபாரியை நிறுத்திவைத்து, அப்பணியாளர்களைப் புலி தேடும் வேலைக்குத் திருப்பியது. சஃபாரி வண்டிகளின் இரைச்சலே விலங்குகளைக் காட்டைவிட்டு வெளியே துரத்துகிறது என்பது உழவர்களின் குற்றச்சாட்டு. இதை நாம் முழுவதும் ஏற்கவில்லை. புலிகள் பெருகியதும், களைச்செடிகள் காட்டின் புல்லை மூடியதும், காட்டின் விளிம்புவரை பயிர் வந்ததும் அதைவிடப் பெரிய காரணங்களாக நமக்குத் தோன்றுகின்றன. எனினும் அந்த ஆணையில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. காண்போரின் மாலையும் காப்போரின் மாலையும் ஒரே துலாக்கோலில் வைத்து நிறுக்கப்பட்டன. விடுதிகளின் வருவாய் குறையும் என்ற முறையீடும் எழுந்தது. வழிகாட்டிகளாகவும் ஓட்டுநர்களாகவும் சமையற்காரர்களாகவும் அங்கே வேலை செய்பவர்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களே ஆதலால், அம்முறையீட்டையும் பேராசை என்று தள்ளிவிட முடியாது. எளிய விடை கிடைக்கும் வினாவன்று இது.

ஒருவர் கேட்கலாம்: நாங்கள் போகாவிட்டால் போகிறது, வீட்டிலேயே இருந்துவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா? தீராது. கபினி, திருமகூடலு நரசீபுரத்தில் காவிரியோடு கலக்கிறது. அதற்குக் கீழே சிவா அணைக்கட்டின் வழியாக எடுக்கப்படும் நீரே, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து, 500 மீட்டர் அளவுக்கு மேலேற்றப்பட்டு, பெங்களூரின் குழாய்களுக்கு வருகிறது. அத்திட்டத்தின் முதற்கட்டம் செயல்படத் தொடங்கியதும் கபினி அணை முடிந்த அதே 1974இல்தான். எஞ்சிய நீர் மேட்டூருக்குச் சென்று தஞ்சை வயல்வரை பாய்கிறது. இந்நீரின் பங்கு பற்றி இரு மாநிலங்களும் வழக்காடி, 2018இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பையும் பெற்றுவிட்டன. எத்தனை டி.எம்.சி. யாருக்கு என்று கணக்கிட்ட அந்த நெடிய வழக்கில் இருதரப்பும் 'எங்கள் நீர்' என்றே பேசின. நீர் தேங்குவதற்காகத் தம் இடத்தைக் கொடுத்தவர்கள் அந்த 'எங்கள்' என்ற சொல்லுக்குள் எப்புறத்தும் அடங்கவில்லை. பெங்களூர்த் தமிழராகிய நமக்கு இருபுறத்து உரிமைப் பேச்சும் செவிக்குப் பழகியது. இந்த மூன்றாவது குரலைக் கேட்க நாம் மற்றவரைவிடத் தகுதியுடையவர்களாக இருக்கவேண்டும்.

ஆகவே கபினிக்குச் செல்லாதீர் என்பது நம் கருத்தன்று. சென்று காண்க. பட்ட மரங்களைப் படம் எடுத்துக்கொள்க. ஆனால் படகோட்டியிடம் புலி எங்கே என்று கேட்கும் வாயால், அவர் ஊர் எங்கே இருந்தது என்றும் ஒருமுறை கேட்கலாம். சீட்டின் விலையில் பயிரிழந்தவர்க்குச் சேரவேண்டிய பங்கு எவ்வளவு, அது உரிய காலத்தில் சேர்கிறதா என்பதை அறிய விரும்பலாம், சேரவில்லையெனில் கேட்கலாம். நகரத்தாரின் குரல் ஏறும் இடத்தில் பரண்மீது இருப்பவரின் குரல் ஏறுவதில்லை.

மைசூரிலிருந்து மானந்தவாடி செல்லும் சாலையில் மாலை ஆறு மணிக்குக் காட்டு வாயில் மூடப்படும். காலை ஆறு மணிக்குத் திறக்கப்படும். இடைப்பட்ட பொழுது விலங்குகளுக்கு உரியது என்று சட்டமே ஒதுக்கிவிட்டது. வயநாட்டு வணிகருக்கும் நோயாளிகளுக்கும் அதனால் இடர் உண்டு. எனினும் மனிதன் தன் விருப்பத்துக்கு ஒரு கதவடைத்துக்கொண்ட சில இடங்களுள் அது ஒன்று. அந்தியைக் காணச் சென்றவர்களும் ஒளி மங்குமுன் படகைத் திருப்பியாகவேண்டும். கரையேறி, அந்தரசந்தேயைக் கடந்து நகரை நோக்கி விரையும்போது, சாலையின் இருமருங்கும் இருண்ட வயல்களின் நடுவே ஆங்காங்கே உயரத்தில் சிறு விளக்குகள் தெரியும். விடுதிகளின் விளக்கு என்று எண்ணிக் கடந்துபோவோர் உண்டு.